ஒரே ஆய்வு, வேறு வேறு அவை

முனைவர் பட்ட மாணவரிடம் எடுத்த எடுப்பில் ஸ்லைடு கேட்காதீர்கள். யாரிடம் பேசுகிறார், அவர்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

சிங்கப்பூரின் வோல்பாக்கியா கொசு ஆய்வையே எடுத்துக்கொள்வோம்: வோல்பாக்கியா என்ற பாக்டீரியா உள்ள கொசுக்களை வெளியில் விட்டு, டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுக்களைக் குறைக்கும் முயற்சி. துறை வல்லுநர்கள் ஆய்வுமுறையைத் துருவுவார்கள். சமூக மன்றத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்பாளர் கேட்பதோ, “இதுவும் கடிக்குமா?” விடுவது ஆண் கொசு, கடிக்காது; வெளியிலுள்ள ஏடிஸ் பெண் கொசு அதோடு சேர்ந்தால் முட்டை பொரியாது. முதல் நிமிடத்திலேயே இது வர வேண்டும். பலர் ஆய்வேட்டின் வரிசையிலேயே பேசி, பின்னணியில் பாதி நேரத்தைத் தொலைப்பார்கள்.

பயிற்சிக்கு, குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் 2008ல் தொடங்கிய ‘மூன்று நிமிட ஆய்வேடு’ (3MT) பேச்சுப் போட்டியின் விதி போதும்: அசைவில்லாத ஒரே ஸ்லைடு, 3 நிமிடம். தாண்டினால் தகுதியிழப்பு.

ஒத்திகையில் துறைசாராத ஒருவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தைத் திருத்துங்கள்.