சேலத்திலிருந்து பெர்லினுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு: முதல் வாரத்தில் ஊரைப் பார்ப்பது எப்படி

சேலம், ஓமலூர், ஆத்தூர் பக்கத்திலிருந்து ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் கேட்பதெல்லாம் ரூம், பேங்க் கணக்கு, இன்சூரன்ஸ் பற்றித்தான். அதற்குச் சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். வகுப்பு தொடங்கும் முன் கிடைக்கும் அந்த நாலைந்து நாளில் பெர்லினை எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை, அதனால் நான் அதை மட்டும் சொல்கிறேன்.

கிளம்பும் முன் இங்கேயே செய்ய வேண்டியது ஒன்று, ஷூவைப் பழக்குவது. புது ஷூவை அங்கே போய்ப் பிரித்துப் போட்டால் இரண்டாவது நாளே குதிகால் புண்ணாகிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஏறி, ஏரியிலிருந்து லேடீஸ் சீட் வரை, முடிந்தால் பகோடா பாயிண்ட் வரை அந்த ஷூவோடு நடந்து பாருங்கள். பெர்லின் சமதரைதான், மேடு பள்ளம் இல்லை, ஆனால் நாள் முழுக்க நடை. ஏற்காட்டுக்கு எடுத்துப் போகிற ஸ்வெட்டரை மட்டும் நம்ப வேண்டாம், அக்டோபர் காற்று அதற்குள் புகுந்து வரும், மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் ஒன்று வேண்டும். தட்டுவடை தாராளமாக எடுத்துப் போகலாம். அம்மா நெய் பாட்டிலை வைத்தால் மட்டும் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள், பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டு போக அனுமதி இல்லை.

இறங்கியதும் ரயில், பஸ் டிக்கெட். பெர்லினில் ஏ, பி, சி என்று மூன்று கட்டண வளையம், ஏர்போர்ட் சி வளையத்தில் இருக்கிறது, அதனால் ஊருக்குள் வர ஏபிசி டிக்கெட் எடுக்க வேண்டும், அப்புறம் ஊருக்குள் சுற்ற ஏபி போதும். ஸ்டேஷனில் கேட் எதுவும் இருக்காது, யாரும் தடுக்க மாட்டார்கள். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், சாதாரண உடையில் பரிசோதகர் வருவார், டிக்கெட் இல்லையென்றால் 60 யூரோ அபராதம். காகித டிக்கெட் என்றால் நடைமேடையில் இருக்கும் பெட்டியில் முத்திரை குத்திய பிறகுதான் அது செல்லும், இதைத் தெரியாமல் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே அபராதம் கட்டியவர்கள் உண்டு. மாணவர் டிக்கெட் கைக்கு வரும் வரை 24 மணி நேர டிக்கெட் எடுத்துக்கொள்வது நல்லது.

முதல் நாள் உடம்பு ஒத்துழைக்காது. ஸுவோலோகிஷர் கார்டன் ஸ்டேஷன் வாசலில் 100-ஆம் நம்பர் பஸ் ஏறி, மாடியில் முன் சீட் கிடைத்தால் உட்கார்ந்துகொள்ளுங்கள். 1943-இல் குண்டு விழுந்து இடிந்த கோபுரத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிற கைசர் வில்ஹெல்ம் தேவாலயத்துப் பக்கமிருந்து கிளம்பி, வெற்றித் தூண், நாடாளுமன்றம், அருங்காட்சியகத் தீவு என்று அலெக்சாண்டர்பிளாட்ஸ் வரை அது போகும். டூர் பஸ்ஸுக்குப் பணம் கொடுக்கத் தேவையே இல்லை.

இரண்டாம் நாள் எல்லாரும் பிராண்டன்பர்க் வாசலுக்கு ஓடுவார்கள். நீங்கள் முதலில் பெர்னாவர் ஸ்ட்ராஸே போங்கள், ஊரைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்த பெர்லின் சுவரின் நினைவிடம் இருக்கும் தெரு அது, இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வருகிறேன். எஸ்பான் என்கிற நகர ரயிலில் நோர்ட்பான்ஹோஃப் ஸ்டேஷனில் இறங்கினால் பக்கத்திலேயே இருக்கிறது, காசு கிடையாது. 1961 ஆகஸ்ட் 13-ஆம் தேதி கிழக்கு ஜெர்மனி அரசு எல்லையை அடைத்தபோது இந்தத் தெருவில் ஒரு பக்கத்து வீடுகள் கிழக்கில், அவற்றின் வாசலை ஒட்டிய நடைபாதை மேற்கில். ஜன்னலிலிருந்து குதித்துத் தப்பியவர்கள் உண்டு, குதித்து இறந்தவர்களும் உண்டு. தகவல் மையத்தின் பார்வைக் கோபுரத்தில் ஏறினால் இரண்டு சுவர், நடுவில் வெறும் மண், காவல் கோபுரம் எல்லாம் அப்படியே கீழே தெரியும். அந்த மையம் திங்கட்கிழமை திறக்காது. கொஞ்சம் தள்ளி ஒரு சிறிய வழிபாட்டுக்கூடம் இருக்கிறது, சுவருக்கு நடுவில் மாட்டிக்கொண்ட பழைய தேவாலயத்தை கிழக்கு ஜெர்மனி அரசு 1985-இல் வெடி வைத்துத் தகர்த்த இடம் அது. புதுக் கூடத்தின் சுவர் சிமென்ட் இல்லை, மண்ணை இடித்து இறுக்கிக் கட்டியது, கிட்டே போய்ப் பார்த்தால் பழைய தேவாலயத்தின் செங்கல் துண்டுகள் அந்த மண்ணுக்குள்ளேயே தெரியும். அவசரப்படாமல் பாருங்கள், அரை நாள் ஆனாலும் பரவாயில்லை.

ஏன் இதை முதலில் சொல்கிறேன் என்றால், இதைப் பார்த்த பிறகுதான் மற்ற இடங்கள் புரியும். பிராண்டன்பர்க் வாசல் பக்கம் ரோட்டில் இரட்டை வரிசையாகக் கருங்கல் பதித்திருப்பார்கள், அது சுவர் போன தடம். தெரியாதவர்கள் மிதித்துக்கொண்டு போவார்கள், நீங்கள் நின்று பார்ப்பீர்கள். ஓவியங்கள் வரைந்த ஈஸ்ட் சைட் கேலரி சுமார் 1.3 கிலோமீட்டர் நீளம், போட்டோவுக்கு அருமையான இடம், ஆனால் அங்கே மட்டும் போய்விட்டு வந்தால் சுவர் என்பது வண்ணம் அடித்த மதில் என்றுதான் மனதில் நிற்கும்.

பிராண்டன்பர்க் வாசலுக்குப் பக்கத்திலேயே, நாஜி ஆட்சியில் கொல்லப்பட்ட யூதர்களுக்கான நினைவிடம், 2,711 கான்கிரீட் கட்டைகள். வெளி ஓரத்தில் முழங்கால் உயரம்கூட இருக்காது, உள்ளே நடக்க நடக்கத் தரை இறங்கி, தலைக்கு மேல் போய்விடும். மேலே ஏறி நிற்பது, போஸ் கொடுப்பது, ரீல்ஸ் எடுப்பது எதுவும் அங்கே வேண்டாம், கூட வருகிற நண்பர் செய்தாலும் தடுத்துவிடுங்கள்.

நாடாளுமன்றத்தின் உச்சியில் இருக்கும் கண்ணாடிக் குவிமாடத்துக்குப் போக இலவசம்தான், ஆனால் அவர்களுடைய இணையதளத்தில் முன்பே பதிய வேண்டும், சேலத்தில் இருக்கும்போதே பதிந்துவிடுங்கள். நம் பிள்ளைகளுக்கு இனிஷியல் பிரச்சினை வரும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் எந்த இடத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள், போகும்போது பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும். சாயங்கால நேரம் கிடைத்தால் அதை எடுங்கள், விளக்கு எரிய ஆரம்பிக்கும்போது ஊர் முழுவதும் தெரியும்.

அருங்காட்சியகத்தில் மாணவர் அட்டைக்குச் சலுகை உண்டு. ஒன்றுதான் முடியும் என்றால் எகிப்து ராணி நெஃபர்டிட்டியின் சிலை இருக்கும் நொய்யஸ் மியூசியம் போங்கள், அந்த அறையில் போட்டோ எடுக்கக் கூடாது. பெர்கமோன் அருங்காட்சியகத்தை 2023 அக்டோபரில் சீரமைப்புக்காக மூடினார்கள், திறந்ததா என்று பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையும், பொது விடுமுறையான அக்டோபர் 3-ஆம் தேதியும் கடைகள் மூடியிருக்கும், அரிசி, பால், பிரெட் எல்லாம் முதல் நாளே வாங்கி வையுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையில் டெம்பல்ஹோஃப் போகலாம், 2008-இல் மூடிய ஏர்போர்ட், இப்போது அதன் ஓடுபாதையிலேயே நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம். கோயில் வேண்டும் என்று தோன்றினால் பிரிட்ஸ் பகுதியில் மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது. குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம், காலி பாட்டிலைத் தூக்கிப் போடாமல் சூப்பர் மார்க்கெட் மெஷினில் போட்டால் பெரும்பாலான பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் திரும்பக் கிடைக்கும்.

வீட்டுக்குப் போன் பண்ணும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் போங்கள். அங்கே நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை மாற்றிய பிறகு நாலரை மணி நேரம். அப்போது நீங்கள் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் கூப்பிட்டால் சேலத்தில் பன்னிரண்டரை, அம்மா பதறி எழுந்திருப்பார், மத்தியானமே கூப்பிட்டுவிடுங்கள்.