முதன்முதலாகப் பள்ளிக்குப் போகும் பிள்ளையும் வீட்டின் ஆயத்தமும்

ஜூன் மாதம் பால்வாடியிலோ எல்.கே.ஜி.யிலோ சேரப்போகும் பிள்ளைக்குச் சித்திரையிலேயே வீட்டில் ஆயத்தம் தொடங்கிவிட வேண்டும். ஆயத்தம் என்றவுடன் பலர் சிலேட்டை எடுத்து அகரம் எழுத வைக்கிறார்கள். மூன்று வயதில் அதற்கு அவசரமே இல்லை. கண்ணை விட்டு மறைந்த அம்மா சொன்னபடி திரும்பி வருவாள் என்ற நம்பிக்கைதான் அந்த வயதில் முதலில் வேண்டும், அது பழக்கத்தால் மட்டுமே வரும்.

ஆகவே பிரிவைச் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். முதலில் பக்கத்து வீட்டுத் திண்ணையில் தெரிந்தவரிடம் விட்டுக் கால் மணி நேரத்தில் வந்துவிடலாம். பிறகு அம்மாயி வீட்டில் அரை நாள் விடலாம். ஒவ்வொரு முறையும் எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்குக் கடிகார மணி விளங்காது என்பதால், “நீ சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும் அம்மா வந்துவிடுவேன்” என்று அதற்குத் தெரிந்த வேலைகளைக் கொண்டே நேரத்தைச் சொல்லுங்கள். பிள்ளை விளையாட்டில் மூழ்கியிருக்கும்போது சொல்லாமல் நழுவிப் போவது அந்த நேரத்துக்கு எளிதாக இருக்கலாம். ஆனால் ஒருமுறை ஏமாந்த பிள்ளை அடுத்த நாள் சேலைத் தலைப்பை விடவே விடாது.

இந்தப் பிரிவு காவிரி டெல்டாவில் வயல் வேலையோடு சேர்ந்தே வருகிறது. மேட்டூர் அணையின் வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12. தண்ணீர் வந்து குறுவை நடவு தொடங்கும்போது, நடவுக்குப் போகும் தாய்மார் காலையிலேயே வயலில் இறங்கிவிடுகிறார்கள். பிள்ளையை யார் கொண்டு விடுவது, யார் அழைத்து வருவது என்பதை அதற்கு முன்பே பேசி முடிவு செய்து, முதல் இரண்டு வாரமாவது அதை மாற்றாமல் இருப்பது நல்லது. அப்பாயிதான் அழைத்து வருவார் என்றால், “அப்பாயி வருவாங்க” என்றே பிள்ளையிடம் சொல்ல வேண்டும். ஆறுதலுக்காக “அம்மா வருவேன்” என்று சொல்லிவிட்டு வேறொருவரை அனுப்பக் கூடாது. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: கோடையில் வறண்டு கிடந்த வாய்க்காலில் இறங்கி விளையாடிய பிள்ளைக்கு, ஜூனில் அதே வாய்க்காலில் ஆழமாகத் தண்ணீர் ஓடுவது தெரியாது. பள்ளிக்குப் போகும் வழி வாய்க்கால் கரையோரமாக இருந்தால், தண்ணீர் ஓடும் பக்கம் பெரியவர் நடந்து, பிள்ளையின் கையைப் பிடித்தே அழைத்துச் செல்ல வேண்டும்.

சேர்க்கும் இடத்தை முன்கூட்டியே பிள்ளையோடு போய்ப் பாருங்கள். சுவரில் வரைந்த படங்களைப் பார்க்கும் முன் கூரையையும், வெளியேறும் வழியையும், சமையல் நடக்கும் இடம் வகுப்பிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதையும் பாருங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் பற்றிய தீயில் 94 குழந்தைகளை நாம் பறிகொடுத்தோம். அதன் பிறகு இந்த மண்ணில் எந்தப் பெற்றோரும் இக்கேள்விகளைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, அங்கே பிள்ளையை யார் அழைத்துச் செல்வார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். பிறப்புச் சான்று, ஆதார், தடுப்பூசி அட்டை ஆகியவற்றை சேர்க்கைக்காக ஒரே உறையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பழக்க வேண்டியவற்றுள் கழிப்பறைப் பழக்கமே முதன்மையானது. பிள்ளை தானே இறக்கி ஏற்றக்கூடிய எலாஸ்டிக் கால்சட்டையைப் போட்டு அனுப்புங்கள். பொத்தானும் பெல்ட்டும் இப்போது வேண்டாம். சிறுநீர், மலம் வருவதை உங்கள் வீட்டில் பிள்ளை எந்தச் சொல்லால் சொல்கிறதோ, அதை ஆசிரியரிடமும் ஆயாவிடமும் தவறாமல் சொல்லுங்கள், ஏனெனில் அச்சொல் புரியாததால்தான் பல பிள்ளைகள் உடையிலேயே போய்விட்டுக் கூசி நிற்கின்றன. பழகிய பிள்ளையும் முதல் வாரங்களில் நனைத்துவிடலாம் என்பதால், மாற்று உடை ஒன்று பையில் இருக்கட்டும்.

ஊட்டிவிட்டே பழகிய பிள்ளை, பள்ளியில் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எனவே கோடை விடுமுறையிலேயே தானாக உண்ண விடுங்கள். சோறு சிந்தினால் சிந்தட்டும். டப்பாவில் சிறு துண்டுகளாக்கிய இட்லி, தோசை போன்றவற்றைக் கொஞ்சமாக வைத்து, அந்த டப்பாவைத் திறந்து மூடவும் வீட்டிலேயே பழக்குங்கள். முழு நிலக்கடலையும் முழு திராட்சையும் இந்த வயதில் தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடியவை. அவற்றை வைக்க வேண்டாம்.

“சேட்டை செய்தால் டீச்சரிடம் சொல்லி அடிக்கச் சொல்வேன்” என்ற மிரட்டலை இன்றோடு வீட்டிலிருந்து அகற்றிவிட வேண்டும். அடிப்பவர் என்று நாமே சொல்லி வைத்த ஒருவரின் மடியில் பிள்ளை எப்படிப் போய் உட்காரும்? தாத்தா, சித்தி, அடுத்த வீட்டுக்காரர் என எல்லாரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

முதல் நாள் வாசலில் பிள்ளை அழும். கட்டியணைத்து, எப்போது வருவீர்கள் என்பதை ஒருமுறை சொல்லி, ஆசிரியர் கையில் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதும், பாதி வழி போய்த் திரும்பி வருவதும் அடங்கிய அழுகையை மீண்டும் கிளப்பிவிடும். உங்களுக்கும் கண் கலங்கலாம், அதில் தவறொன்றும் இல்லை. தெருமுனை தாண்டிய பிறகு அழுதுகொள்ளுங்கள். சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்பே போய் நிற்பதுதான் முதல் வாரத்தில் நீங்கள் செய்யக்கூடிய மிகப்பெரிய உதவி.

விஜயதசமியன்று கூத்தனூர் சரஸ்வதியை வணங்கி எழுத்தைத் தொடங்கிவைத்து, அன்றே பள்ளியில் சேர்க்கும் குடும்பங்களும் நம் பக்கம் உண்டு. அப்படிச் சேரும் பிள்ளைக்கு ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது: அடுத்த சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி, இடையிடையே மழை விடுமுறை வரும். இரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் பிள்ளைக்கு மூன்றாம் நாள் மறுபடியும் முதல் நாளாகிவிடுகிறது. மழை நாளிலும் வழக்கமான நேரத்தில் எழுப்பிக் குளிப்பாட்டி, பள்ளியில் சாப்பிடும் நேரத்திலேயே சாப்பாடு கொடுத்து வந்தால் இந்தத் தடுமாற்றம் பெரிதும் குறையும்.

பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களில் பழகிவிடும். ஒரு மாதத்துக்கு மேலாகியும் அழுகை குறையாமல், உணவைத் தவிர்த்து, தூக்கத்தில் அலறி எழுந்தால், அதைப் பிடிவாதம் என்று தள்ளிவிடாமல் முதலில் ஆசிரியரிடம் பேசுங்கள். பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டு அஞ்சினாலோ, உடம்பில் காயத் தடம் தெரிந்தாலோ ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098 இதற்காகத்தான் இருக்கிறது.