புள்ளி வைத்ததும் நிற்காமல் ஓடிய ஜாவா விளையாட்டு

0.1 முதல் 10.0 வரை ஓர் எண்ணை யூகிக்கும் விளையாட்டு. பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் கணினிகள் பெரும்பாலும் பிரெஞ்சு அமைப்பில் இருக்கும்; அதில் தசமத்துக்குப் புள்ளி அல்ல, காற்புள்ளி. அதனால் உள்ளீட்டைப் படிக்கும் ஸ்கேனரில், தசம எண்ணை வாசிக்கும் நெக்ஸ்ட்டபுள் 7,3 என்றால் ஏற்கும், 7.3 என்றால் இன்புட்மிஸ்மேட்ச் பிழை தரும். பிழையைப் பிடிக்கும் கேட்ச் பகுதியில் "மறுபடி அடிக்கவும்" என்ற வரி மட்டும் இருந்தது. திரை முழுக்க அதே வரி ஓடியது.

காரணம், ஏற்காத உள்ளீட்டை ஸ்கேனர் அகற்றாது. அடுத்த சுற்றிலும் அதே 7.3தான் கண்ணில் படும். கேட்சுக்குள், அடுத்த சொல்லை அப்படியே எடுக்கும் நெக்ஸ்ட்டை ஒருமுறை அழைத்து அதை வெளியேற்றினேன், ஓட்டம் நின்றது.

பிறகு எந்த நாட்டு எண்முறை என்று ஸ்கேனருக்குச் சொல்லும் யூஸ்லொக்கேலுக்கு, அமெரிக்க முறையான லொக்கேல்.யுஎஸ் கொடுத்தேன். இப்போது 7.3 செல்லும், 7,3 செல்லாது. எனவே கேள்வியிலேயே "எ.கா. 7.3" என்று காட்டுவது அவசியம். லொக்கேலை மட்டும் மாற்றிவிட்டு கேட்சை அப்படியே விடாதீர்கள்: யாராவது எழுத்தை அடித்தால் பழைய கதைதான்.

இன்னொன்று: ரகசிய எண்ணை முழு எண்ணாக எடுத்து 10ஆல் வகுத்தால் தசமம் போய்விடும், 10.0ஆல் வகுக்கவும்.