பிளேனார் ஹெட்ஃபோனைக் கேட்டுப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுவலக நண்பரின் தம்பி இரண்டு ஹெட்ஃபோன்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். இரண்டுமே ஓப்பன்-பேக் பிளேனார்கள், அதாவது கிண்ணத்தின் பின்பக்கம் திறந்திருக்கும், தட்டையான படலம் கொண்ட வகை. ஒன்று அவனுடையது, மற்றது இரவல். மின்சமிக்ஞையைப் பெருக்கும் கருவியான என் ஆம்பில் செருகி, ஒரே பாட்டின் முதல் நிமிடத்தை இதில் ஒருமுறை, அதில் ஒருமுறை என்று மாற்றி மாற்றிக் கேட்டான். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

"அண்ணா, இது பேசுது. அது சப்புன்னு இருக்கு. என்னோடதை வித்துடப் போறேன்."

வால்யூமை எப்படி வைத்தாய் என்று கேட்டேன். "ரெண்டையும் ஒரே மாதிரிதாண்ணா வச்சேன், காதுக்குக் கேட்டு." எனக்குப் பகீரென்றது. எட்டு வருடத்துக்கு முன் இதே பேச்சைப் பேசி நான் இழந்த ஹெட்ஃபோன் ஒன்று இருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இடது வலது மாற்றிப் போடுவது, கேபிளைச் சரியாகச் செருகாமல் விடுவது போன்றவை தானாகவே திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிட வேண்டும். சாதாரண ஹெட்ஃபோனில் ஒரு சின்னக் கூம்பின் நடுவே சுருள் இருக்கும். பிளேனாரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மெல்லிய படலம், அதன்மேல் மின்தடம், ஒரு பக்கமோ இரு பக்கமுமோ காந்த வரிசை. எடை கூடுவதற்குக் காரணம் அந்தக் காந்தம். ஒரு மாடல் செல்பேசியிலேயே பாடுவதும் இன்னொன்று பெரிய ஆம்ப் கேட்பதும், அந்தக் காந்தமும் படலமும் எப்படி அமைந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தவை. கீழே வரும் சிக்கல்களில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

லெவல் மேட்ச் செய்யாமல் (இரண்டின் சத்தத்தையும் சமன் செய்யாமல்) ஒப்பிடுவது

என்னிடம் அப்போது இருந்தது ஹைஃபைமேன் எச்இ-6. ஒரு கடைக்கு அதை எடுத்துப்போய், அங்கிருந்த ஆடிஸி எல்சிடி-எக்ஸோடு வைத்துக் கேட்டேன். தயாரிப்பாளர்கள் தரும் கணக்கில் எச்இ-6 ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபெல் சத்தம் தரும், மின்தடை 50 ஓம். எல்சிடி-எக்ஸ் 103 டெசிபெல், 20 ஓம். ஆம்பின் குமிழைத் தொடாமல் ஒன்றைப் பிடுங்கி மற்றதைச் செருகினால், அதே வோல்டேஜில் எல்சிடி-எக்ஸ் 23 டெசிபெல்லுக்கு மேல் சத்தமாகப் பாடும். அவ்வளவு பெரிய வித்தியாசத்தில் யாரும் ஏமாற மாட்டார்கள். காது வலிக்கும், உடனே கை குமிழுக்குப் போய்விடும்.

ஏமாற்றம் அதற்கு அடுத்த நொடியில் நடக்கிறது. விற்பனையாளர் குமிழைக் கண் மதிப்பில் குறைத்தார். குறைத்தவர் ஒன்றோ இரண்டோ டெசிபெல் மிச்சம் வைத்துவிட்டார். அந்த மிச்சத்தைக் காது சத்தமாக எடுத்துக்கொள்வதில்லை, தரமாக எடுத்துக்கொள்கிறது. பாஸ் (கீழ் ஒலி) நிறைவாக இருக்கிறது, பின்னணியில் சலங்கை தெரிகிறது, பாடகர் மூச்சு விடுவது கேட்கிறது என்றெல்லாம் தோன்றும். பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே இதற்கான அடிப்படையை அளந்து காட்டிவிட்டார்கள். ஒலி தணியத் தணிய, நடு ஒலிகளைவிடக் கீழ் ஒலிகளையே நம் காது அதிகமாகத் தவறவிடுகிறது. கொஞ்சம் ஏற்றினால் அந்தக் கீழ்ப்பகுதி திரும்பி வருகிறது. வந்தது வால்யூமால். பெயர் மட்டும் ஹெட்ஃபோனுக்கு.

அன்று எல்சிடி-எக்ஸை வாங்கிக்கொண்டு வந்தேன். அதே வாரம் எச்இ-6-ஐ ஒரு நண்பருக்கு விற்றேன். ஆறு மாதம் கழித்து அவர் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, அளந்து சமன் செய்து இரண்டையும் கேட்டோம். கச்சேரிப் பதிவு ஒன்றில் தம்புராவின் நான்கு தந்திகளும் எச்இ-6-இல் தனித்தனியாக எழுந்து வந்தன. எல்சிடி-எக்ஸில் குரல் ஓர் அடி பின்வாங்கி நின்றது. அது நல்ல ஹெட்ஃபோன்தான், பலருக்கு அந்த ஒலிதான் பிடிக்கும். எனக்கு வேண்டியது என்னிடம் ஏற்கெனவே இருந்தது, அதை நான் விற்றுவிட்டேன். நண்பர் திருப்பித் தர மறுத்துவிட்டார். அவர் செய்தது சரி. அந்தப் பழைய மாடலும் இப்போது தயாரிப்பில் இல்லை. இந்த விலைக்கு ஹெட்ஃபோன் விற்கும் கடையில் ஒலியை அளக்கும் மீட்டர் ஒன்று வைத்துக்கொள்வது பெரிய செலவே இல்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

வீட்டில் செய்யும் வழி இது. தடித்த அட்டை ஒன்றை ஹெட்ஃபோன் மெத்தையைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டுங்கள். நடுவில் மைக்கின் மூக்கு நுழையும் அளவுக்கு ஓட்டை. சுற்றியுள்ள இடுக்கைப் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். ஹெட்ஃபோனை அட்டையின்மேல் இடைவெளி இல்லாமல் உட்கார வைத்து, 500 முதல் 2000 ஹெர்ட்ஸுக்குள் அடங்கும் பிங்க் நாய்ஸை (சோதனைக்குப் பயன்படும் இரைச்சல் ஒலி) ஓடவிடுங்கள். முழு வீச்சு வேண்டாம், மெத்தை கொஞ்சம் விலகினாலே பாஸ் மாறி எண்ணைக் குழப்பும். மைக் காட்டும் எண் உண்மையான டெசிபெல்லாக இருக்க வேண்டியதில்லை, இரண்டுக்கும் ஒரே எண் வந்தால் போதும். எடுத்து எடுத்து வைத்து மூன்று முறை அளந்து சராசரி பாருங்கள். அரை டெசிபெல்லுக்குள் வந்ததும் இரண்டு வால்யூம் நிலைகளையும் எழுதி வைத்துவிட்டு, அதன்பிறகு பாட்டைப் போடுங்கள்.

ஆம்ப் இரண்டுக்கும் போதுமானதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டின் உச்சங்கள் 110 டெசிபெல்லைத் தொட எல்சிடி-எக்ஸுக்கு 5 மில்லிவாட் போதும். எச்இ-6-க்கு ஏறக்குறைய 450 மில்லிவாட் வேண்டும். செல்பேசியில் ஹெட்ஃபோன் மாட்ட உதவும் சின்ன டாங்கிளில் செருகிவிட்டு எச்இ-6-இல் உயிரில்லை என்று சொன்னால், குறை டாங்கிளுடையது. சமன் செய்யும் அளவையும் அடக்கமாகவே வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்புக் கணக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல். ஒப்பிட உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது.

தம்பிக்கும் இதையே செய்து காட்டினேன். இரவல் ஹெட்ஃபோன் 1.8 டெசிபெல் கூடுதலாக ஓடிக்கொண்டிருந்தது. சமன் செய்த பிறகு நாற்பது நிமிடம் வாய் திறக்காமல் கேட்டான். விற்கும் பேச்சை எடுக்கவில்லை.

பத்து நிமிடத்தில் சுகம் பார்ப்பது

எல்சிடி-எக்ஸின் எடை 612 கிராம், எச்இ-6 502 கிராம். கடையில் தலையில் வைத்ததும் இரண்டுமே மெத்தென்றுதான் இருக்கும். வலி பொறுமைசாலி. அரை மணிக்கு மேல்தான் வரும், உச்சந்தலையில் ஒரு ரூபாய் அளவு இடத்தில் தொடங்கும்.

நான் இப்போது பாட்டே இல்லாமல் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டு புத்தகம் படிக்கிறேன். பாட்டு ஓடினால் கவனம் அதில் போய் வலியை மறைத்துவிடும். கை தன்னையறியாமல் மேல்பட்டையைத் தூக்கிச் சரிசெய்யும் முதல் தருணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தம்பிக்கு அது இருபத்திரண்டாவது நிமிடத்தில் வந்தது, அவன் கவனிக்கவே இல்லை.

எடை எவ்வளவு என்பதைவிட அது எங்கே உட்காருகிறது என்பது முக்கியம். அகலமான தொங்குபட்டை இருந்தால் அறுநூறு கிராமையும் தாங்கலாம். குறுகிய பட்டையில் நானூறே குத்தும். காதுமடல் உள்ளே துணியில் உரசுகிறதா, தாடை எலும்பை மெத்தை அழுத்துகிறதா, நாற்காலியில் சாய்ந்தால் கிண்ணம் இடிக்கிறதா என்றும் பாருங்கள். சென்னை மே மாதத்தில் தோல் மெத்தையின் உள்பக்கம் வியர்த்துக் கன்னத்தில் ஒட்டும். ஏசி ஓடும் கடையில் அது தெரியவே தெரியாது.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்பது

வீட்டில் கண்ணாடியோடுதான் கேட்பீர்கள் என்றால் கடையிலும் கண்ணாடியோடு கேளுங்கள். காதின் மேல் ஓடும் கண்ணாடிக் காம்பு மெத்தையை ஒரு கோடு அகலத்துக்குத் தூக்கிவிடும், அந்த இடுக்கு வழியாகப் பாஸ் கசிந்துவிடும். அடிவரை இறங்கும் பாஸுக்காகத்தான் பலரும் பிளேனாருக்கு இவ்வளவு கொடுக்கிறார்கள். தடித்த காம்பை மெல்லிய உலோகக் காம்பாக மாற்றிய பிறகு எனக்கே வித்தியாசம் தெரிந்தது.

கடைக்காரர் போடும் பாட்டு

எந்த ஹெட்ஃபோனிலும் நன்றாகக் கேட்கும் பதிவுகள் அவை. உங்களுக்கு மனப்பாடமான பாட்டை எடுத்துப் போங்கள். நான் எப்போதும் மிருதங்கத் தனியாவர்த்தனம் ஒன்று வைத்திருப்பேன். தொப்பியில் (இடது முகம்) உள்ளங்கை அழுந்திக் கும்கி என்னும் கீழ் ஒலி வளையும்போது அந்த வளைவு முழுவதும் காதில் ஓட வேண்டும், வலந்தலையின் (வலது முகம்) சொல் அதில் மூழ்கக் கூடாது. அடுத்ததாக ஒரு பெண் குரல். 'ச', 'ஸ' வரும் இடங்களில் ஊசி குத்தினால், அந்த ஹெட்ஃபோன் இரவு பத்து மணிக்குமேல் உங்களைத் தூங்க அனுப்பிவிடும்.

ஓடும் ஃபேன்

ஓப்பன்-பேக் வெளிச்சத்தத்தை ஏறக்குறைய அப்படியே உள்ளே விடும். ஃபேனை நிறுத்திவிட்டு இருபது நிமிடம் கேளுங்கள், ஓடவிட்டு இருபது நிமிடம் கேளுங்கள். இரண்டாவதுதான் உங்கள் அன்றாடம்.

வெவ்வேறு அளவைக் கருவியில் எடுத்த ஹெட்ஃபோன் ஒலி கிராஃபுகளை ஒப்பிடுவது

வேண்டாம்.

"புது ஹெட்ஃபோனை நூறு மணி நேரம் ஓட்டினால் ஒலி சரியாகிவிடும்" என்பதை நம்புவது

திருப்பித் தரும் கெடு அதற்குள் முடிந்துவிடும்.

பழைய மெத்தையோடு தீர்ப்புச் சொல்வது

செகண்ட்ஹேண்டில் வாங்கும்போது மெத்தையை விரலால் அழுத்தி விடுங்கள். எழும்பி வராமல் அப்படியே கிடந்தால், படலத்துக்கும் உங்கள் காதுக்கும் உள்ள தூரம் ஏற்கெனவே மாறிவிட்டது, ஒலியும் மாறிவிட்டது. புது மெத்தையின் விலையைச் சேர்த்துப் பேரம் பேசுங்கள். அந்த மாடலுக்கே உரிய மெத்தையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். வேறு மெத்தை போட்டால் அது வேறு ஹெட்ஃபோன்.

தலைக்கு எண்ணெய் வைத்த நாளில்

தொடவே தொடாதீர்கள், அதுவும் இரவல் ஹெட்ஃபோனை.