ஓட்டை எவர்சில்வர் தட்டுல ஒரு சோடி தொங்கட்டான் செய்வமா

பழைய இரும்புக்காரருக்குப் போட வச்சிருந்த தட்ட அம்மாகிட்ட கெஞ்சி வாங்கித்தான் ஹட்டன்ல, தேயிலைத் தோட்டத்து லயத்துல, நம்ம வீட்டு இஸ்தோப்புல (திண்ணையில) உக்காந்து நான் இத பழகுனேன்.

மொதல்ல தட்டுல காந்தம் வச்சுப் பாருங்க. ஒட்டலன்னா பெரும்பாலும் நிக்கல் கலந்தது, கரண்டிக்குப் பின்னால 18/8ன்னு அடிச்சிருக்குமே அந்த ரகம், 18 வீதம் குரோமியம், 8 வீதம் நிக்கல். நல்லா ஒட்டுனா நிக்கல் இல்லாத ரகமா இருக்கும். ரெண்டுலயும் செய்யலாம். ஆனா கூரைத் தகரம் சும்மா கெடக்கேன்னு எடுத்துறாதீங்க, அதுல துத்தநாகப் பூச்சு இருக்கு, சூடு பட்டா அந்தப் புகை ஆகாது.

கையுறை போட்டுக்கிட்டு தகரம் வெட்டுற கத்தரியால 1 சென்டிமீட்டர் அகலம், 3 சென்டிமீட்டர் நீளத்துல ரெண்டு துண்டு வெட்டுங்க. தேயிலைக் கொழுந்து ஷேப்ல வெட்டலாமேன்னு எல்லாரும் கேப்பீங்க, வேணாம், வளைவுல ஓரம் பல்லுப் பல்லா வரும், மொதல் சோடிக்கு நேர்கோடு போதும். ஓரத்த அரத்தால ராவி, 400 சேண்ட் பேப்பர், அப்புறம் 800, கன்னத்துல தேச்சா கீறக் கூடாது, அவ்வளவுதான்.

இப்பத்தான் வில்லங்கம், ஓட்டை போடுறது. நான் மொத தடவ ட்ரில்ல ஃபுல் ஸ்பீட்ல விட்டேன், கிறீச்னு கத்துச்சு, ட்ரில் பிட் நுனி நீலமாயிருச்சு, தட்டுல ஒரு பளபளப்பான பள்ளம் மட்டும்தான், அதுக்கப்புறம் அந்த எடத்துல எந்த பிட்டும் எறங்கல. எவர்சில்வர் உரச உரச இறுகிரும். அதனால கொங்கிரீட் ஆணியால ஒரு தட்டு தட்டி குழி வச்சு, ஒரு சொட்டு தேங்காயெண்ண விட்டு, துண்ட பலகையில கிளாம்ப் போட்டு, 1.5 மில்லிமீட்டர் பிட்ட மெதுவா, ஆனா நல்லா அமுக்கி சுத்துங்க, சுருள் சுருளா தூள் வந்தா சரியா போகுதுன்னு அர்த்தம். கண்ணாடி போட மறந்துறாதீங்க.

அடுத்து செம்பு. வீட்டு வயரிங்ல மிஞ்சுன 1/1.13 வயர், பேர்லயே இருக்கு, 1.13 மில்லிமீட்டர் ஒத்தக் கம்பி. மேல உள்ள பிளாஸ்டிக்க பிளேடால உரிங்க, எரிக்கவே கூடாது, அது விஷப் புகை. கம்பிய குறட்டுல புடிச்சு கேஸ் அடுப்புல மங்கலா செவக்குற வரைக்கும் காட்டி தண்ணியில போட்டா நூல் மாதிரி மிருதுவாயிரும். இரும்ப சூடா இருக்கும்போது தண்ணியில விட்டா இறுகும்னு கேட்டிருப்பீங்க, செம்பு அப்படி இல்ல. கறுப்பு படிஞ்சிருக்கும், தேசிக்காயும் உப்பும் போட்டு தேச்சா போயிரும். அத அப்படியே சுருட்டி, வால ஓட்டையில விட்டு கோத்துருங்க. எவர்சில்வர் தட்டையா நிக்கட்டும், வளைஞ்சு நெளியிற வேலையெல்லாம் செம்புக்கு.

காதுக் கொக்கிய மட்டும் பழைய சாமான்ல செய்யாதீங்க, நிக்கல் ஒத்துக்காதவங்களுக்கு காது புண்ணாயிரும், கடையில வாங்குங்க. நம்ம பக்கத்து பனியில செம்பு சீக்கிரம் கறுக்கும், கலர் இல்லாத கியூடெக்ஸ், அதான் நகப்பூச்சு, ஒரு பூச்சு போடுங்க, போட்ட அன்னிக்கு காத்துல காய வைங்க, அடுப்புக்கிட்ட கொண்டு போகாதீங்க, அது குப்புனு பத்திக்கும்.