மீன் தொட்டிக்கு லைட்டு: கூடவே கொஞ்சம் நிழலும்

தொட்டியோட கடையில சேர்த்துக் கொடுத்த லைட்டு நீலம், சிவப்பு, பச்சைன்னு மாறி மாறி எரியும். ஆனித் தேரோட்டத்துக்கு ரதவீதியில கட்டுற சீரியல் செட்டு மாதிரி வீடே ஜொலிச்சுது. மீனுங்க மட்டும் எந்நேரமும் ஃபில்டருக்குப் பின்னால ஒளிஞ்சு கிடந்துச்சு. ஆச்சிதான் கேட்டா: "ஏல, ராப்பூரா எரியவிட்டா அது எப்பம்ல ஒறங்கும்?" நம்ம தொட்டி மீனுக்கு இமை கிடையாது, கண்ணை மூடிக்க முடியாது. அன்னைக்கே அந்த லைட்டைக் கழட்டிட்டேன்.

தண்ணி மாத்துறது, ஃபில்டர் எல்லாம் தெரிஞ்சிருக்கும், அதுக்குள்ள போகலை. கீழே சொல்ற அளவெல்லாம் ரெண்டடி தொட்டிக்கு.

முதல்ல இடம். வெயில் நேரா விழுற ஜன்னல் பக்கம் வேண்டவே வேண்டாம். நம்ம ஊரு சித்திரை வெயில் மேற்கு ஜன்னல் வழியா வந்தா தண்ணி கொதிச்சுப் போகும். சூடான தண்ணியில ஆக்சிஜனும் குறைவு. கண்ணாடி பூரா பச்சைப்பாசி வேற.

அடுத்து லைட்டு. எலக்ட்ரிக்கல் கடையில வீட்டுக்கு வாங்குற எல்இடி பேட்டனே (ட்யூப்லைட் மாதிரி நீளப் பட்டை லைட்டு) போதும். அட்டையில 6500 கெல்வின்னு போட்டிருந்தா பகல் வெளிச்சம் மாதிரி இருக்கும், 4000 கொஞ்சம் இதமா இருக்கும். எனக்கு 6500தான் பிடிக்கும். செடி இல்லைன்னா ஒரு அடி, 5 வாட். சாதாரணச் செடி இருந்தா ரெண்டடி, 10 வாட். கண்ணாடி மூடிக்கு மேலேதான் வைக்கணும், தண்ணி தெறிக்கக் கூடாது. ஒயர் பிளக்குக்குக் கீழே தொங்கி, அப்புறம் மேலேறணும். அப்பதான் வழியுற தண்ணி பிளக்குக்குள்ள போகாது.

நிழலைப் பத்தி யாரும் சொல்றதில்லை. தாமிரபரணி ஆத்துல குறுக்குத்துறை படித்துறையில காலை நேரம் நின்னு பாருங்க. மீனுங்க கல் மண்டபத்து நிழலுக்கும் வெயிலுக்கும் மாறி மாறிப் போய்ட்டு வரும். தொட்டியிலயும் அப்படி ரெண்டும் இருக்கணும். மேல்பரப்புல மூணுல ஒரு பங்கு ஆகாயத்தாமரை மிதக்கவிட்டேன் (சின்னதா, பஞ்சு மாதிரி இலை இருக்குற செடி, ஆத்தை அடைச்சுக் கிடக்குற அமலை இல்லை). ரெண்டே நாள்ல டெட்ரா மீனெல்லாம் முன்னால வந்துடுச்சு. அமேசான் காட்டு நிழல் ஓடையில வாழுற சாதி அது, வேறென்ன செய்யும்?

இப்ப என்னைப் படுத்தின விஷயம். ஒருநாள் விடியக்காலை நாலு மணிக்கு எந்திரிச்சு, இருட்டுல பட்டுன்னு தொட்டி சுவிட்சைப் போட்டேன். மீனெல்லாம் கண்ணாடியில மோதி, ஒரு மாலி மீன் மூடி இடுக்கு வழியா வெளியே விழுந்துடுச்சு. காப்பாத்த முடியலை. இருட்டுக்குப் பழகின மீன் கண்ணு வெளிச்சத்துக்குப் பழக அரை மணி நேரம்கூட ஆகும். அதனால ரூம் லைட்டை முதல்ல போடுங்க, அரை மணி நேரம் கழிச்சுத் தொட்டி லைட்டு. அணைக்கும்போது தலைகீழ்: தொட்டி முதல்ல, ரூம் பிறகு. புதுசா மீன் வாங்கிட்டு வந்த அன்னைக்குத் தொட்டி லைட்டே வேண்டாம்.

மறதிக்காரங்களுக்கு டைமர். நான் மத்தியானம் 2 மணியிலிருந்து ராத்திரி 9 வரை வச்சிருக்கேன். 2 மணிக்கு ஹால்ல பகல் வெளிச்சம் இருக்கும், 9 மணிக்கு ட்யூப்லைட் எரியும், ரெண்டு நேரமும் மீன் மிரளாது. சுத்திவரப் பின் இருக்குற சக்கர டைமர்ல ஒரு பின்னுக்கு 15 நிமிஷம், ஏழு மணி நேரத்துக்கு 28 பின் அமுக்கணும். பாசி கூடினா ஒரு மணி நேரம் குறைங்க. மருந்து ஊத்தாதீங்க.

பின்சேர்க்கை: பாளையங்கோட்டையில இருந்து ஒருத்தர், "நடுராத்திரி லைட்டு எரியுது, டைமர் ரிப்பேரா?"ன்னு கேட்டிருந்தார். ரிப்பேர் இல்லைங்க. மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை 9லிருந்து மத்தியானம் 2 வரை கரண்ட் இல்லைன்னா சக்கரமும் அஞ்சு மணி நேரம் நின்னுடும். அப்புறம் லைட்டு ராத்திரி 7 மணிக்கு எரிஞ்சு 2 மணிக்கு, கும்மிருட்டுல அணையும். கரண்ட் வந்ததும் சக்கரத்தைத் திருப்பி நேரம் சரிபண்ணுங்க. இல்லைன்னா பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்கிடுங்க, நானும் அதுக்கு மாறிட்டேன்.

இன்னொருத்தரோட தங்கமீன் ஆகாயத்தாமரை வேரை எல்லாம் தின்னுட்டுதாம். தங்கமீன் அப்படித்தான். தங்கமீன் வளர்க்கிறவங்க ஒரு அடி பேட்டனைத் தொட்டியோட ஒரு ஓரமா வைங்க, மறு ஓரம் தானா நிழலாயிடும்.