டிரை ஐஸ் பெட்டியை இறுக்கி ஒட்டாதீர்கள்

உறைந்த மீன், இறைச்சியை விமானத்தில் அனுப்பும்போது பெட்டிக்குள் டிரை ஐஸ், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு, வைப்போம். மைனஸ் 78 டிகிரிக் குளிர். தண்ணீராக உருகாமல் நேரே வாயுவாகிவிடும். அந்த வாயு வெளியேற வழி வேண்டும். பத்திரமாக இருக்கட்டும் என்று தெர்மகோல் மூடியைச் சுற்றிச் சுற்றி டேப் ஒட்டினால் பெட்டி உப்பி வெடித்துவிடலாம். குறுக்கே இரண்டு பட்டை போதும்.

பெட்டிமேல் யுஎன் 1845 என்ற டிரை ஐஸுக்கான சர்வதேச அடையாள எண், அபாயச் சரக்குகளில் ஒன்பதாம் வகுப்பு என்று காட்டும் லேபிள், டிரை ஐஸின் நிகர எடை கிலோவில், மூன்றும் வேண்டும். பலரும் மறப்பது எடையைத்தான். அது இல்லாவிட்டால் சரக்கு கவுன்டரிலேயே நின்றுபோகும்.

கீரை, பழத்துக்கு டிரை ஐஸ் வேண்டாம், கடுங்குளிரில் கருகிவிடும். குளிரூட்டிய ஜெல் அடைத்த பை, அதாவது ஜெல் பேக்தான் சரி. அப்புறம், சரக்கு போய்ச் சேரும் நாட்டில் சுங்க அலுவலக விடுமுறை என்றைக்கு என்று பார்த்துவிட்டு விமானத்தைப் பதிவுசெய்யுங்கள்; சரக்கு அங்கே தேங்கினால் குளிர் தீர்ந்துவிடும்.